அடைக்கலம் தருமுன்

மகாபாரதத்தின் தொடக்கத்திலேயே ஒரு நாய்க்குட்டி வருகிறது. பாண்டவர்களின் வழித்தோன்றலான ஜனமேஜய மன்னன் தன் சகோதரர்கள் மூவருடன் குருக்ஷேத்திரத்தில் நீண்டதொரு வேள்வியை நடத்திக் கொண்டிருக்கிறான். அங்கு வந்த ஒரு நாய்க்குட்டியை அச்சகோதரர்கள் அடித்து விரட்டுகின்றனர். அது அழுதுகொண்டே தன் தாயான சரமையிடம் ஓடுகிறது. சரமை தேவலோகத்து நாய். அவள் முதலில் தன் குட்டியைத்தான் விசாரிக்கிறாள்: நீ ஏதேனும் தவறு செய்தாயா என்று. வேள்விக்கு வைத்திருந்த பொருளைத் தான் நக்கவில்லை, பார்க்கக்கூட இல்லை என்கிறது குட்டி. சரமை வேள்விச்சாலைக்கே சென்று, குற்றமற்ற குழந்தையை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறாள். அரச குலத்தவர் எவரிடமும் விடை இல்லை. எதிர்பாராத அச்சம் அவர்களை வந்தடையும் என்று சபித்துவிட்டு அவள் சென்றுவிடுகிறாள்.

அதே இதிகாசத்தின் பதினேழாவது பர்வத்தில் இன்னொரு நாய் வருகிறது. அரசைத் துறந்து வடதிசை நோக்கி நடக்கும் பாண்டவர்களின் பின்னால் அது நடக்கிறது. வழியில் திரௌபதி விழுகிறாள். தம்பியர் நால்வரும் ஒருவர்பின் ஒருவராக விழுகின்றனர். இறுதியில் யுதிஷ்டிரரும் நாயுமே எஞ்சுகின்றனர். தேருடன் வந்த இந்திரன், சுவர்க்கத்தில் நாய்க்கு இடமில்லை, அதை விட்டுவிட்டு ஏறுக என்கிறான். யுதிஷ்டிரர் மறுக்கிறார். தன்னை நம்பி வந்ததைக் கைவிடுவது பெரும்பாவங்களுக்கு நிகரானது என்பது அவருடைய முடிவு. நாயாக வந்தது தர்மதேவதையே என்பது பின்னரே தெரிகிறது. அது தர்மதேவதை என்று அறிந்து அவர் அதனுடன் நிற்கவில்லை. நாய் என்றே எண்ணி நின்றார். அதுவே அக்கதையின் பெருமை.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. யுதிஷ்டிரர் அந்த நாயைத் தேடிக் கொண்டுவரவில்லை. அதுவாகவே அவரைப் பின்தொடர்ந்தது. தானாக வந்த ஒரு ஜீவனைக் கைவிடுவதே அத்தகைய பாவம் என்றால், நாமே விரும்பி, தாயிடமிருந்து பிரித்து, நம் வீட்டிற்குத் தூக்கி வருகின்ற ஒரு ஜீவனிடம் நமக்குள்ள கடமை எத்தகையது? அது நம்மைத் தேர்ந்தெடுக்கவில்லை. நாம்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆகவே கடமை முழுவதும் நம் பக்கமே இருக்கிறது.

ஒரு பழைய கடன்

இக்கேள்வியை நான் நூல்களிலிருந்து மட்டும் கற்கவில்லை. 1980-களில் நான் நாகபுரியில் ரயில்வே ஊழியனாக இருந்தேன். குடியிருப்பின் வாசலில் மழைக்கு ஒதுங்கிய ஒரு தெருநாய்க் குட்டிக்கு என் மனைவி ரொட்டி கொடுத்தாள். அது அங்கேயே தங்கிவிட்டது. பிள்ளைகள் அதற்கு 'மோத்தி' என்று பெயரிட்டனர். ஐந்து ஆண்டுகள் அது எங்களுடன் இருந்தது. 1988-இல் எனக்கு கரக்பூருக்கு மாற்றலாணை வந்தது. பாத்திரங்களையும் பீரோவையும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களையும் கொண்டு செல்ல வழி தேடிய நான், மோத்தியைக் கொண்டு செல்ல வழி தேடவில்லை. ரயிலின் பிரேக் வேனில் நாய்களுக்கென்று ஒரு பெட்டி உண்டு என்பதும், உரிய கட்டணம் செலுத்தினால் போதும் என்பதும் ரயில்வேயில் வேலை பார்த்த எனக்குத் தெரியாததல்ல. புதிய ஊரில் என்ன இடம் கிடைக்குமோ என்று சொல்லிக் கொண்டேன். பக்கத்து வீட்டாரிடம் சோறு வைக்கச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. மோத்தி தினமும் மாலையில், நான் பணி முடிந்து திரும்பும் நேரத்திற்கு, பூட்டிய வீட்டின் கேட் அருகே சென்று அமர்கிறதாம். சோற்றைச் சரியாக உண்பதில்லையாம். அடுத்த கடிதத்தில் மோத்தியைப் பற்றி ஒன்றும் இல்லை. நானும் கேட்டு எழுதவில்லை. கேட்கும் தைரியம் எனக்கு இல்லை என்பதே உண்மை.

இப்போது என் மகன் குடும்பத்துடன் புனேயில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறான். சென்ற ஆண்டு நான் அங்கு சென்றிருந்தபோது பத்து வயதுப் பேரன், "தாத்தா, நாம ஒரு நாய்க்குட்டி வாங்கலாமா? அப்பா நீங்க சரின்னு சொன்னா சரிங்கிறார்" என்றான். உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை.

சங்கல்பம்

எந்தப் பூஜையையும் நாம் சங்கல்பம் செய்துகொண்டே தொடங்குகிறோம். எந்த இடத்தில், எந்தக் காலத்தில், யார், எதன்பொருட்டு இதைச் செய்கிறார் என்று வாய்விட்டுச் சொல்லிய பிறகே பூவை எடுக்கிறோம். சொன்னபின் பாதியில் எழுந்து போகலாகாது. ஓர் உயிரை வீட்டிற்குக் கொண்டுவருவதற்கும் இத்தகைய சங்கல்பம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த நான்கு கேள்விகளையே மகன் குடும்பத்தார் முன் வைத்தேன்.

முதலாவது, இடம். பேரன் படத்தில் பார்த்து ஆசைப்பட்டது சைபீரிய ஹஸ்கி. பனிப்பிரதேசத்தில் சறுக்குவண்டி இழுப்பதற்காக வளர்க்கப்பட்ட இனம் அது. நாய்க்கு மனிதனைப்போல் உடல் முழுவதும் வியர்க்காது. பெரும்பாலும் மூச்சிரைத்தே அது தன் வெப்பத்தைத் தணித்துக் கொள்கிறது. அடர்ந்த இரட்டை ரோமப் போர்வையுடன் நம் நாட்டுக் கோடையில் அது படும் துன்பத்தை அழகு என்று நாம் ரசிப்பது எவ்வாறு தகும்? 2000-களின் தொடக்கத்தில் ஒரு தொலைபேசி விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பலர் பக் இன நாயை வாங்கினர். அதன் சப்பை மூக்கே அதற்கு மூச்சுத் திணறலைத் தருவது என்பதை வாங்கியபின் அறிந்தவர்கள் பலர். நம் மண்ணின் வெப்பத்திற்குப் பழகிய நாட்டு நாய்க்குட்டிகள் தெருவிலும் காப்பகங்களிலும் வீடின்றிக் காத்திருக்கின்றன என்பதையும் நினைக்க வேண்டும்.

இடம் என்பதில் வீட்டின் தரையும் அடங்கும். நாய்க்குட்டி உலகை வாயால் அறிகிறது. அதன் உயரத்தில் குனிந்து வீட்டைப் பார்த்தால், நாம் அறியாத அபாயங்கள் தெரியும். மின்கம்பிகள், தரைத் துடைப்பான் திரவம், இடைவெளி அகன்ற பால்கனிக் கம்பிகள், அலமாரி அடியில் உருண்டு கிடக்கும் பாச்சை உருண்டை ஆகியவற்றை முன்கூட்டியே அகற்றவோ மறைக்கவோ வேண்டும். நம் பூஜையறையிலேயே கவனிக்க வேண்டியவை உண்டு. கற்பூரம் நாய்க்கு நஞ்சு. பூஜைக்காக நாம் வளர்க்கும் அரளியின் இலையும் பூவும் நஞ்சு. திராட்சையும் உலர்திராட்சையும் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. ஆகவே லட்டுவையும் பாயசத்தையும் அன்பு மிகுதியால் அதற்கு ஊட்டலாகாது. சாக்லேட், வெங்காயம், பூண்டு ஆகியவையும் அவ்வாறே. அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

ஆசாரம் பேணும் குடும்பங்களில் இன்னொரு தயக்கமும் எழும். பூஜையறைக்குள்ளும் சமையலறைக்குள்ளும் நாய் வரலாமா? வரக்கூடாது என்று ஒரு வீட்டார் முடிவு செய்தால் அதில் குற்றமில்லை. ஆனால் அம்முடிவை நாய் வரும் முன்னரே எடுத்து, முதல் நாளிலிருந்தே எல்லோரும் ஒரே விதமாகக் கடைப்பிடிக்க வேண்டும். பேரன் மடியில் வைத்துக் கொஞ்சும் இடத்திற்கே அது மறுநாள் வந்தால் பாட்டி விளக்குமாற்றை ஓங்குவது நாய்க்கு விளங்காது. அடியின் வலி மட்டுமே அதற்குப் புரியும். சரமை கேட்டதும் அதைத்தானே? சைவ உணவு உண்ணும் குடும்பங்கள் உணவைப் பற்றியும் கேட்பதுண்டு. நாய் ஓநாயின் வழிவந்ததாயினும், மனிதனோடு வாழ்ந்த நெடுங்காலத்தில் மாவுச்சத்தைச் செரிக்கும் திறனைப் பெற்றுவிட்டது என்பதை 2013-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஆயினும் வெறும் தயிர்சோறு அதற்கு முழு உணவாகாது. கால்நடை மருத்துவரைக் கலந்து, புரதமும் பிற சத்துக்களும் குறையாதபடி உணவை அமைக்க இயலுமா என்று முன்பே தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது, காலம். ஒரு நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வாழும். பத்து வயதுப் பேரன் வேறு ஊரில் கல்லூரியில் படிக்கும்போது அந்த நாய்க்கு முதுமை தொடங்கியிருக்கும். அதற்குக் கண் மங்கும், நடை தளரும், படுத்த இடத்திலேயே சிறுநீர் கழியும். இன்று நாம் வாக்களிப்பது துள்ளும் குட்டிக்கு மட்டுமல்ல. அந்தக் கிழ நாய்க்கும்தான். குட்டியை எட்டு வாரம் ஆகும்வரை தாயிடமிருந்து பிரிக்கலாகாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, நான்கு மாதம் ஆகும்வரை சில வார இடைவெளியில் அதற்குத் தடுப்பூசிகள் போடவேண்டும். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்திற்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. முதல் சில இரவுகள் தாயையும் உடன்பிறந்தவற்றையும் தேடி அது அழும். அந்த இரவுகளில் அதை மொட்டை மாடியில் கட்டிப்போட்டுவிட்டு உறங்கலாமா? அருகில் ஒருவர் படுத்து, கையை அதன் மேல் வைத்திருக்க வேண்டாமா?

மூன்றாவது, யார்? 'எல்லோரும் பார்த்துக் கொள்வோம்' என்பது எவரும் பார்த்துக்கொள்ள மாட்டோம் என்பதில்தான் பெரும்பாலும் முடிகிறது. காலையில் யார் வெளியே அழைத்துச் செல்வார்? மருத்துவரிடம் யார்? குடும்பம் ஊருக்குச் செல்லும்போது யார்? பெயரைச் சொல்லவேண்டும். பத்து வயதுச் சிறுவன் உதவலாம், பொறுப்பேற்க முடியாது. பணிப்பெண்ணின் தலையில் கேட்காமல் சுமத்துவதும் நியாயமன்று. நம் நாட்டின் சட்டமும் இப்பொறுப்பை உரிமையாளர் மீதே வைக்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு உரிய நடமாட்டம் தராமல் இருப்பதையும் கொடுமை என்றே கூறுகிறது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவதும் அச்சட்டப்படி கொடுமையே. 1976-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 51-ஏ பிரிவு, உயிர்களிடம் கருணை காட்டுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக வைத்தது. நம் முன்னோர் இல்லறத்தாருக்கு விதித்த ஐந்து வேள்விகளுள் பூதயக்ஞமும் ஒன்றல்லவா?

இக்கேள்வியில் அண்டை வீட்டாரும் அடங்குவர். நம் நாயை நாம் நேசிப்பதனால் பிறரும் நேசிக்கவேண்டும் என்பதில்லை. மின்தூக்கியில் அஞ்சி ஒதுங்கும் முதியவரின் அச்சமும் மதிக்கத் தக்கதே. கழுத்துப்பட்டையில் கயிறின்றி வெளியே கொண்டு செல்லாதிருத்தல், கழிவை நாமே அள்ளுதல், வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியை மூன்று மாத அளவில் போட்டு, பின்னர் மருத்துவர் சொல்லும் காலத்தில் தவறாது தொடர்தல் ஆகியவை நாயிடம் மட்டுமன்றி ஊராரிடமும் நாம் செலுத்தும் கடமைகள். அந்நோயின் அறிகுறிகள் தோன்றியபின் காப்பாற்றுவது அரிதினும் அரிது. எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும் என்பதை வீட்டிலுள்ள குழந்தையும் அறிந்திருக்க வேண்டும்.

எதன்பொருட்டு?

நான்காவது கேள்வியே கடினமானது. எதன்பொருட்டு நாம் நாயை விரும்புகிறோம்? காவலுக்கா, பிள்ளையின் தனிமைக்கா, பிறர் பார்த்து வியப்பதற்கா? இவற்றில் முதல் இரண்டும் தவறல்ல. ஆனால் இவையெல்லாம் நம் தேவைகள். தேவை தீர்ந்ததும் அந்த உயிர் சுமையாகிவிடும். ஊரடங்கு நாட்களில் துணைக்கென்று வாங்கிய நாய்களை, அலுவலகங்கள் திறந்ததும் தெருவில் விட்டவர்கள் உண்டு. அவர்கள் கொடியவர்கள் அல்லர். என்னைப் போன்றவர்கள்.

இவ்விடத்தில் சாதகர் ஒருவர் கேட்கக்கூடும்: "ஒரு மானிடம் பற்று வைத்ததால்தானே பரத மன்னர் அடுத்த பிறவியில் மானாகப் பிறந்தார்? பற்றறுக்க முயல்பவன் ஏன் ஒரு நாயைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்?" இது தட்டிக் கழிக்கக்கூடிய கேள்வி அன்று.

பாகவதத்தின் ஐந்தாவது ஸ்கந்தத்தில் வரும் அக்கதையை நினைவுகூர்வோம். அரசைத் துறந்த பரதர் கண்டகி நதிக்கரையில் தவமிருக்கிறார். நீர் அருந்த வந்த கருவுற்ற மான் ஒன்று சிங்கத்தின் கர்ஜனை கேட்டு அஞ்சி ஆற்றைத் தாண்டுகிறது. குட்டி நீரில் விழுகிறது, தாய் இறந்துவிடுகிறது. பரதர் குட்டியை நீரிலிருந்து எடுத்து வளர்க்கிறார். அவர் காப்பாற்றியது பிழையா? ஒருபோதும் இல்லை. வெள்ளத்தில் செல்லும் குட்டியைப் பார்த்துக்கொண்டு ஜபமாலை உருட்டியிருந்தால் அது தவமாகுமா? பிழை பின்னர் நேர்ந்தது. 'இது என் மான்' என்ற எண்ணம் நாளடைவில் வளர்ந்து, நித்திய கர்மாக்கள் ஒவ்வொன்றாக நழுவின. மானுக்கு என்ன தேவை என்பது மறைந்து, மான் இல்லாமல் தன்னால் இருக்க முடியவில்லை என்பதே மிஞ்சியது.

யுதிஷ்டிரரும் ஒரு விலங்குடன் நின்றார். பரதரும் ஒரு விலங்குடன் நின்றார். ஒருவரை அது சுவர்க்க வாயிலில் உயர்த்தியது. மற்றவரை இன்னொரு பிறவிக்கு இழுத்தது. வேறுபாடு விலங்கில் இல்லை. யுதிஷ்டிரர் நாயிடமிருந்து எதையும் பெறவில்லை. கடமையின் பொருட்டு நின்றார். பரதரோ மானிடம் தம் மனத்தின் இன்பத்தைத் தேடினார். முன்னது கருணை; பின்னது மமதை. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். இரண்டும் தடவிக்கொடுக்கும், இரண்டும் ஊட்டும். நடுவே இடர் வரும்போதுதான் எது எதுவெனத் தெரியும்.

1988-இல் எனக்கு அந்த இடர் வந்தது. மோத்தியை நான் நேசித்தேன் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அது வாலை ஆட்டி என்னை வரவேற்றதை நேசித்திருக்கிறேன். அவ்வளவே. அதன் துயரம் என் வசதியோடு மோதியபோது வசதி வென்றது. என் மமதைகூட அரைகுறையானதுதான். பரதர் மானைக் கைவிடவில்லை.

ஆகவே முன்னேற்பாடு என்பது கிண்ணமும் படுக்கையும் வாங்குவதோடு முடிவதில்லை. 'எனக்கு நாய் வேண்டும்' என்பதை 'அதற்கு நான் வேண்டியவாறு இருப்பேனா' என்று மாற்றிக்கொள்வதே அதன் உட்பொருள். கற்றறிந்த ஞானி நாயிடமும் சமநோக்கு உடையவன் என்கிறது கீதையின் ஐந்தாம் அத்தியாயம். அந்த ஞானநிலை நமக்கு எட்டாததாக இருக்கலாம். வேளைக்கு நீர் வைப்பதும், மழையிலும் வெளியே அழைத்துச் செல்வதும், கோபத்தில் கை ஓங்காதிருப்பதும் எட்டாதவை அல்ல.

ஒரு மண்டலம்

என் மகனிடம் ஒரு யோசனை சொன்னேன். நாய் வருமுன், நாய் இல்லாமலே ஒரு மண்டலம் விரதம் இருங்கள். நாற்பத்தெட்டு நாட்கள். காலை ஆறு மணிக்கு அரைமணி நேரம், மாலையில் அரைமணி நேரம், குறிப்பிட்ட ஒருவர் நடந்துவிட்டு வரவேண்டும். தரையில் செருப்பு, விளையாட்டுச் சாமான், கம்பி எதுவும் கிடக்கலாகாது. உணவுக்கும் மருத்துவத்திற்கும் ஆகும் தொகையை மாதந்தோறும் தனியே எடுத்து வையுங்கள். தவறிய நாளை நாட்காட்டியில் குறியுங்கள். மகன் சிரித்தான், ஆயினும் ஒப்புக்கொண்டான்.

நான் ஊர் திரும்பிய பின் மண்டலம் முடிந்த அன்று பேரன் தொலைபேசியில் பேசினான். பதினொரு நாட்கள் தவறிவிட்டனவாம். அலுவலகத்தில் நேரமானது, மழை பெய்தது, விருந்தினர் வந்தனர் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்ததாம். சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "தாத்தா, அந்தப் பதினோரு நாளும் அது கதவுகிட்டயே உக்காந்திருக்கும் இல்ல?" என்று கேட்டான்.

மோத்தியைப் பற்றி நான் அவனிடம் சொன்னதே இல்லை.

அவர்கள் இப்போது இரண்டாவது மண்டலத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். நிறைவேறினால் காப்பகத்திலிருந்து ஒரு நாட்டு நாய்க்குட்டியைக் கொண்டுவருவதாக முடிவு. நிறைவேறாவிட்டால் கொண்டுவருவதில்லை என்பதும் முடிவு. அப்போது தெருவோரத்து உயிர்களுக்கு ஒரு கிண்ணம் நீர் வைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இயலாததை இயலாது என்று அறிந்து விலகுவதும் ஓர் உயிருக்குச் செய்யும் நன்மையே. இயலும் என்று சொல்லி அழைத்து வந்து பாதி வழியில் இறக்கிவிடுவதைத்தான் தர்மம் மன்னிப்பதில்லை.

நம் வீட்டு வாசலில் வந்து நிற்கப்போகும் அந்தச் சிறு உயிருக்குச் சங்கல்பம் சொல்லத் தெரியாது. அதற்கும் சேர்த்து நாமே சொல்லவேண்டும். சொல்லுமுன் ஒருமுறை நின்று யோசிப்போம். சொன்னபின் கடைசிவரை உடன் நடப்போம்.